தோளில் தட்டும்வரை நேராக

என் அக்கா ஓதில் இறந்துபோன செய்தியை அவள் கணவர் லூசியான் தொலைபேசியில் சொன்னபோது, வருகிற வழியில் ஒரு ரொட்டியும் வாங்கி வரச் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

"ஸோலாஞ்ச், ஓதில் செத்துட்டா. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயாச்சு. நீ வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா, கடை அடைச்சிடுவான்."

நானும் வாங்கிக்கொண்டுதான் போனேன். ஏன் வாங்கினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அக்காவைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து மேலே அவளுடைய மழைக்கோட்டைப் போர்த்தியிருந்தார்கள். ஜாம் செய்வதற்காகப் பாதி தோல் சீவிய பழங்கள் மேசைமேல் கிடந்தன. லூசியான் ரொட்டியை வாங்கி, கத்தி எடுத்து, மூன்று துண்டாக நறுக்கி, பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிட்டார். ஒரு துண்டை என் பக்கம் தள்ளினார். அந்தக் கத்தியைப் பிடுங்கி வெளியே எறியலாமா என்று இருந்தது எனக்கு.

தேவாலயத்தில் அவர் அழவில்லை. கல்லறையிலும் இல்லை. ஊரே பார்த்தது. எங்கள் பெய்ரூஸ் சின்ன ஊர். யார் எந்தச் சாவுக்கு எவ்வளவு அழுதார்கள் என்பது ரொட்டிக் கடையில் ஒரு வாரத்துக்குப் பேச்சாக இருக்கும். மரக்கட்டை என்றார்கள். நானும் வீட்டுக்குள் அதையேதான் சொன்னேன், ஆனால் வெளியாள் சொல்லும்போது வலித்தது. மூன்றாவது மனிதரும் அதைச் சொன்ன பிறகு ரொட்டியைப் பக்கத்து ஊரில் வாங்க ஆரம்பித்தேன்.

லூசியான் கஸ்தேரா, கூரை வேலைக்காரர். இந்தக் குன்றுகளில் இருக்கும் பண்ணை வீடுகளில் பாதிக்கு மேல் அவர் கை பட்ட ஓடுகள்தான். ஓடு கொண்டுபோகும் வண்டியிலேயே போய்க் காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்குவார். மேலே பேச்சுத்துணைக்குப் புறாதான். அதனாலோ என்னவோ கீழே வந்தாலும் அதிகம் பேசமாட்டார். ஓதில் அதற்கு நேரெதிர். ஊராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தாள், வருகிறவர்களுக்கு வேலை முடிகிறதோ இல்லையோ பேச்சு நன்றாகக் கிடைக்கும்.

சின்ன வயதில் காதில் வந்த ஒரு நோய் அவளுடைய சமநிலையைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. சைக்கிளில் ஏறினால் இரண்டு மிதிக்குள் விழுவாள். நான் பத்து வயதிலேயே ஓட்டக் கற்று, ஒரே கோடையில் அலுத்து விட்டுவிட்டேன். அவள் விழுந்து விழுந்து முட்டியெல்லாம் தழும்பாகி, கடைசியில் சன்னலோரம் நின்று மற்றவர்கள் போவதைப் பார்க்கிறவளாக ஆனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் சைக்கிள் சங்கத்துக்காரர்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டு புறப்படுவார்கள். அவள் காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். எதிரே இருந்த ஊராட்சி அலுவலகக் கூரைமேல் அன்றைக்கும் ஓடு மாற்றிக்கொண்டிருந்த லூசியான் அதைக் கவனித்திருக்கிறார். அடுத்த ஞாயிறு, தன் மாமாவின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த, இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பின் இருக்கையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். பெண் கேட்டது அவ்வளவுதான். அறுவடை முடிந்ததும் கல்யாணம்.

அதற்குப் பிறகு அவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பார்த்தவர் கிடையாது. பிள்ளைகள் இல்லை. கார் வாங்கவே இல்லை. ஓதிலுக்குக் கார் என்றாலே ஆகாது. அந்தச் சத்தம் கேட்டால் தலை சுற்றும் என்பாள். அவளிடம் ஒரு வரைபடம் இருந்தது. அதில் சிவப்பில் போட்டிருக்கும் நெடுஞ்சாலைகளை அவள் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டாள். மஞ்சள் சாலைகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு குறுக்கே கடப்பாள். வெள்ளைக் கோடாகப் போட்டிருக்கும் ஒற்றைத் தடங்கள், நடுவில் புல் முளைத்து, ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு ஏறி இறங்கிப் போகிறவை, அவைதான் அவளுக்குச் சாலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு காரைக்கூட எதிர்கொள்ளாமல் நாளெல்லாம் சுற்றிவிட்டு வருவார்கள். தப்பித்தவறி ஒரு கார் வந்துவிட்டால், கதவைத் தட்டாமல் படுக்கையறைக்குள் நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் அந்த ஓட்டுநரைப் பார்ப்பாள்.

வரைபடம் இருந்த இடம் லூசியானின் முதுகு. அவருடைய சைக்கிள் சட்டை ஒவ்வொன்றிலும் முதுகுப் பக்கம் கண்ணாடித் தாளில் ஒரு பை தைத்துக் கொடுத்திருந்தாள். மடித்த வரைபடம் அதற்குள் இருக்கும். பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வருவாள். அவ்வப்போது அவர் தோளில் தட்டுவாள். மேடு ஏறி முடித்ததும் அவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் நீட்டுவார்; அவள் அதில் ஒரு காய்ந்த பிளம்ஸ் பழத்தை வைப்பாள். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பழம். இந்தத் தட்டலையும் பழத்தையும் நான் கொஞ்சல் என்றே நினைத்திருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நடுத்தெருவில் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவளிடம் கேட்டும் இருக்கிறேன். என் கணவன் என்னை விட்டுவிட்டுப் போன வருஷம் அது. அவள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

எங்கள் ஊர் சைக்கிள் சங்கம் மே மாதக் கடைசி ஞாயிறு ஒரு சுற்றுப்பயணம் நடத்தும். துலூஸிலிருந்தும் போர்தோவிலிருந்தும் வருவார்கள், பெல்ஜியத்திலிருந்துகூட ஒரு கூட்டம் வரும். எங்களிடம் மலையும் இல்லை கடலும் இல்லை. நாள் முழுக்க ஒரு கார்கூட இல்லாத வழி, அது ஒன்றுதான் எங்கள் பெருமை. முந்தைய நாள் ஒருவர் போய் ஒவ்வொரு முச்சந்தியிலும் மஞ்சள் அட்டை அம்புகளைக் கம்பத்தில் கட்டிவிட்டு வரவேண்டும். மறுநாள் வருகிறவர்கள் அம்பைப் பார்த்துப் போவார்கள். கையில் வழி அச்சிட்ட காகிதமும் கொடுப்போம், ஆனால் அம்பு இருக்கும்போது காகிதத்தை யார் பார்க்கிறார்கள்? பேச வந்தவர்கள் பேசிக்கொண்டே போவார்கள். அம்பு கட்டியவர்தான் பிறகு அவற்றைக் கழற்ற வேண்டும் என்பது சங்கத்தின் கட்டுப்பாடு. முப்பது வருஷமாக அந்த வேலை லூசியானுடையது. அதாவது, லூசியானும் ஓதிலும். ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பெயர் போகும். சாயங்கால விருந்தில் எல்லாரும் லூசியானுக்காகக் கோப்பையை உயர்த்துவார்கள். இந்த வட்டாரத்தின் சந்துபொந்தெல்லாம் அத்துப்படியானவர் என்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். பக்கத்தில் என் அக்கா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள்.

அவள் போன நவம்பருக்குப் பிறகு லூசியான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கொண்டுபோய் வைத்ததைச் சாப்பிட்டார். கேட்டதற்கெல்லாம் சரி என்றார். அடுப்பு எரிகிறதா என்றால் சரி, சன்னலைத் திறக்கட்டுமா என்றால் சரி. துக்கம் என்று சொல்லவும் முடியவில்லை. துக்கத்துக்கு ஒரு முகம் இருக்குமே. பக்கத்து அறையில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் இருந்தார், அவ்வளவுதான். எனக்கும் அந்தக் குளிர்காலம் அப்படித்தான் போனது. பாத்திரம் கழுவினேன், ரொட்டிக்குப் பக்கத்து ஊர் போனேன், அவருக்கு சூப் கொண்டுபோனேன், திரும்பி வந்தேன். ஏப்ரலில் டாக்டர் என்னை வழியில் நிறுத்தி, இவ்வளவு உழைத்த கால்கள் கோடைவரை இப்படியே கிடந்தால் பிறகு எழும்பாது என்றார். கால்களைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அந்த மனிதர் நாற்காலியிலிருந்து எழுவாரா, இல்லை அதிலேயே முடிந்துபோவாரா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்விக்கு அது ஒரு கெடு வைத்த மாதிரி ஆயிற்று.

சங்கத் தலைவர் தியெரி, டிராக்டர் உதிரி பாகம் விற்பவர். அவரிடம் போனேன். இந்த வருஷம் அம்பே வேண்டாம், எல்லாரும் கைபேசியில் வழி பார்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனையில் இருந்தார். நான் விடவில்லை. செத்தவள் செய்த வேலைக்கு அதற்குள் மூடுவிழாவா என்று கேட்டேன். அது கொஞ்சம் அநியாயமான கேள்விதான், ஆனால் வேலை செய்தது. லூசியான் ஒத்துக்கொண்டால் சரி என்றார். லூசியானிடம் கேட்டேன். சரி என்றார். அந்தச் சரிக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை இரட்டைச் சைக்கிளைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தார். எல்லாச் சட்டையிலும் முதுகில் பை இருந்தது. அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். அம்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். நான் சன்னலில் நின்று பார்த்தேன். பின் இருக்கையில் யாரும் இல்லை, மிதிகட்டைகள் மட்டும் தாமாகச் சுற்றிக்கொண்டு போயின. பார்க்க நன்றாக இல்லை என்றாலும் மனுஷன் எழுந்துவிட்டாரே என்று இருந்தது. முட்டைக்கோசும் அவரையும் வாத்துக் கறியும் போட்டு ஒரு பெரிய பானை சூப் வைத்தேன். நன்றாக இருட்டிய பிறகு வந்தார். வேலை முடிந்ததா என்றேன். முடிந்தது என்றார். வழியெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நேரா இருந்தது," என்றார்.

குன்றுகளில் வளைந்து வளைந்து போகும் வழியை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். களைப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் நான் பழைய மாவு ஆலையருகே மரத்தடியில் சாப்பாட்டு மேசையோடு நின்றேன். ஈரல் பசை தடவிய ரொட்டி, செர்ரி, ஒயின், எல்லாம் தயார். பதினொரு மணிக்கு முதல் கூட்டம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மதியம் ஆனது, ஈ மட்டும் வந்தது. பிறகு தியெரி கூப்பிட்டார். எங்கே இருக்கிறீர்கள் என்றேன். மாவட்டத் தலைநகரின் வெளிப்புறத்தில், ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் என்றார். எண்பது பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்களாம். ஒரு காரும் இல்லாத வழிக்காகப் பெல்ஜியத்திலிருந்து வந்தவர்களை நாங்கள் கொண்டுபோய் நிறுத்திய இடம் அது.

நடந்ததைப் பிறகு கோத்துப் பார்த்தோம். முதல் முச்சந்தியில் எப்போதும் கீழே இறங்கும் ஒற்றைத் தடத்துக்குத் திரும்ப வேண்டும். அம்பு நேராகக் காட்டியது. லூசியான் ஏதோ புது வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று பேசிக்கொண்டே போயிருக்கிறார்கள். இரண்டாவதில் நேராக. மூன்றாவதிலும் நேராக. சாலை அகலமாகி, மஞ்சளாகி, சிவப்பாகி, தானிய லாரிகள் உரசிக்கொண்டு போகத் தொடங்கின. ஒரு பெல்ஜியக்காரி பயந்து சாலையோரப் பள்ளத்தில் இறங்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். ரவுண்டானாவில் அம்பு நடுவில் இருந்த பூச்செடிகளுக்குள் நட்டிருந்தது, அதுவும் நேராக. கடைசி அம்பு சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் கட்டியிருந்தது. அதற்கு எதிரே சுவர்.

சாயங்காலம் சங்கக் கூடத்தில் யாரும் பாடவில்லை. முழங்கையில் கட்டுப் போட்ட பெண் எல்லாரையும்விடச் சாந்தமாக இருந்தாள். லூசியான் ஓரமாக உட்கார்ந்து கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தியெரி கெட்டவர் இல்லை. முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"என்னப்பா ஆச்சு உனக்கு? முப்பது வருஷம் போன வழி. கண்ணைக் கட்டி விட்டாலும் போவியே. ஒரு இடத்துல கூடவா திரும்பத் தோணல?"

லூசியான் கொஞ்சம் யோசித்தார். பதில் கண்டுபிடிக்க யோசித்த மாதிரி இல்லை, கேள்வி ஏன் வருகிறது என்று யோசித்த மாதிரி இருந்தது.

"யாரும் தட்டலையே," என்றார். "தட்டலைன்னா நேரா போகணும்."

பின் வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். தியெரி என்னைப் பார்த்தார். அந்தத் தோள் தட்டல்தான் வழி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த இடத்தில் எல்லாருக்குமே ஒவ்வொருவராகப் புரிந்திருக்க வேண்டும். தியெரி அம்புப் பெட்டியை எடுத்துத் தன் கைக்குள் இடுக்கிக்கொண்டார். அடுத்த வருஷத்திலிருந்து கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கட்டிய அம்புகளைத் தானே நாளைக்குக் காரில் போய்க் கழற்றிவிடுவதாகவும் சொன்னார். லூசியான் சரி என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் சொன்னார், அவருக்கு இடது வலது பிடிபடாதாம். சின்ன வயதிலிருந்தே. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் வரவில்லை. கூரைமேல் அது ஒரு பொருட்டே இல்லை. அங்கே முகட்டுப் பக்கம், தண்ணீர் விழும் பக்கம், இரண்டுதான். கல்யாணமான முதல் வாரத்திலேயே ஓதில் கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து, தோளில் தட்டும் ஏற்பாட்டைச் செய்தாள். எந்தத் தோளில் கை விழுகிறதோ அந்தப் பக்கம் திரும்பினால் போதும். முப்பது வருஷமாக அவர் ஒரு பெயர்ப்பலகையைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்க்க வேண்டியதாக இருந்ததே இல்லை.

எனக்கு என் அக்காமேல் கோபம் வந்தது. சொந்தத் தங்கையிடம்கூடச் சொல்லாமல், ஊரெல்லாம் அவரைப் புகழ்வதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஒருநாள் பழத்தோல் சீவும்போது போய்ச்சேர்ந்தால் இந்த மனுஷன் எந்தப் பக்கம் திரும்புவார் என்று ஒரு தரமாவது யோசித்தாளா? செத்தவர்கள்மேல் கோபப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நவம்பரிலிருந்து எனக்குள் அசைந்த முதல் விஷயம் அந்தக் கோபம்தான்.

வாசலில் லூசியான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த சைக்கிளை யாராவது கேட்டா குடுத்துடு, ஸோலாஞ்ச்," என்றார். அப்புறம் உள்ளே போனார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தோடு எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

இரவெல்லாம் புரண்டேன். விடிந்ததும் முதல் வேலையாகத் தியெரியைக் கூப்பிட்டு, காரை எடுக்கக் கூடாது, கட்டியவர்தான் கழற்ற வேண்டும் என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. நேரே அக்கா வீட்டுக்குப் போய் ஆணியில் தொங்கிய அவளுடைய தலைக்கவசத்தை எடுத்து மாட்டினேன். இறுக்கமாக இருந்தது, அவள் தலை சின்னது. லூசியான் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தார்.

"எழுந்திரு. அம்பு கழட்டணும்."

"நீ சைக்கிளை விட்டு அம்பது வருஷம் ஆகுது."

"பின்னாடி இருக்கறவளுக்கு என்ன தெரியணும்? உக்காரத் தெரிஞ்சா போதாதா? எழுந்திரு, மனுஷா."

சரி என்றார். அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டு அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கொட்டகைக் கதவில் ஒரு சட்டை தொங்கியது. அதன் முதுகுப் பைக்குள் வரைபடம் மடித்தபடியே இருந்தது, கடைசியாக அக்டோபரில் போன மடிப்பில். அதைத்தான் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

பின்னால் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. முதுகு தெரியும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் வயல் ஓடும், ஆனால் எங்கே போகிறோம் என்பது முன்னால் இருப்பவருடைய முதுகுக்கு அந்தப் பக்கம். என் அக்கா தன் வாழ்க்கையை இப்படித்தான் பார்த்திருக்கிறாள். முதல் கம்பத்தில் இறங்கி அம்பைக் கழற்றினேன். இரண்டாவது, மூன்றாவது. சிவப்புச் சாலையில் லாரிகள் காற்றால் எங்களை ஒதுக்கிவிட்டுப் போயின. லூசியான் எதுவும் நடக்காததுபோல் மிதித்தார். ரவுண்டானாவின் நடுவே பூச்செடிகளுக்குள் நின்று அம்பைப் பிடுங்கியபோது இரண்டு கார்கள் ஒலி எழுப்பின. நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

சூப்பர் மார்க்கெட்டில் திங்கட்கிழமைக் கூட்டம். பெண்கள் தள்ளுவண்டியோடு நின்று எங்களைப் பார்த்தார்கள். லூசியான் கடைசி அம்பின் முன்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே இருந்த சுவரைப் பார்த்தார்.

"இங்க வந்தப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல," என்றார். "கொஞ்சம் நின்னு பாத்தேன்."

"எவ்வளவு நேரம் நின்னே?"

"இருட்டற மாதிரி ஆச்சு. அப்புறம் திரும்பிட்டேன்."

நான் அம்பின் கயிற்றை அவிழ்ப்பதிலேயே இருந்தேன். முடிச்சு சின்னது, ஆனால் எனக்கு வெகுநேரம் ஆனது.

வந்த சாலையில் திரும்பிப் போக எனக்கு மனமில்லை. வரைபடத்தைப் பார்த்தேன். அந்த இடத்துக்குப் பின்னாலிருந்தே ஒரு வெள்ளைக் கோடு புறப்பட்டு, குன்றுகள்மேல் வளைந்து, கழுதை மேடு வழியாக எங்கள் ஊருக்கு வந்தது. அதன்மேல் அக்காவின் பென்சில் கோடு. ஏறி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போனதும் இடது என்று கத்தினேன். அவர் வலது பக்கம் திரும்பி ஒரு பண்ணை முற்றத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். வாத்துகள் கத்தின, ஒரு நாய் என் காலை முகர்ந்தது. பண்ணைக்காரி கதவிலிருந்து, கூரை ஒழுகவில்லையே லூசியான், என்ன விஷயம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி வெளியே வந்தோம்.

அடுத்த முச்சந்தி வந்தபோது நான் கத்தவில்லை. கையை நீட்டி அவருடைய வலது தோளில் ஒரு தட்டுத் தட்டினேன்.

திரும்பினார். யோசிக்கவில்லை, வேகம்கூடக் குறையவில்லை. அந்தத் தோளே திரும்பிய மாதிரி இருந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது, தூங்குகிற ஒருவருக்குக் கட்டளையிடுவதுபோல. அடுத்த இடத்தில் இடது தோளில் தட்டினேன், திரும்பினார். லாரிச் சத்தம் பின்னால் தேய்ந்து நின்றுபோனது. சாலை நடுவில் புல் வந்தது. கோதுமை இன்னும் பச்சையாக இருந்தது, ஓரங்களில் கசகசாப் பூ. ஏறினோம், இறங்கினோம், ஏறினோம். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு காரும் இல்லை. இதற்காகத்தான் போனார்கள் என்று எனக்கு விளங்கியது. விளங்கியதே தவிர, சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. கால் வலித்தது, அவ்வளவுதான்.

கழுதை மேடு செங்குத்து. பாதியில் நான் இறங்கிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், மூச்சு இல்லாததால் சொல்லவில்லை. அவர் முதுகு ஒரே சீராக அசைந்தது. ஒருவழியாக உச்சிக்கு வந்தோம். அந்தப் பக்கம் எங்கள் ஊர்த் தேவாலயக் கோபுரம் தெரிந்தது.

அப்போது அவருடைய இடது கை கைப்பிடியை விட்டுப் பின்னால் வந்தது. முதுகுக்குக் கீழே, என் முன்னால், உள்ளங்கை விரிந்து நின்றது.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. என்னிடம் ஒன்றும் இல்லை. கை காத்திருந்தது. இருக்கைக்குப் பின்னால் அக்காவின் சின்னத் துணிப்பை ஞாபகம் வந்து, திரும்பி அதற்குள் துழாவினேன். பஞ்சர் ஒட்டும் பெட்டி, ஒரு கைக்குட்டை, காகிதத்தில் சுற்றிய ஏழெட்டுப் பழங்கள். எடுத்து ஒன்றை அந்தக் கையில் வைத்தேன். கை முன்னால் போனது. பல்லில் எதுவோ கடிபடும் சத்தம் கேட்டது.

"கல்லாட்டம் இருக்கு," என்றார்.

"அக்கா வாங்கினது. அக்டோபர்ல."

அவர் துப்பவில்லை. சரிவில் மிதிக்காமல் இறங்கினோம். சக்கரம் மட்டும் சத்தம் போட்டது. கீழே சமதளத்துக்கு வந்து மறுபடி மிதிக்கத் தொடங்கியபோது என் முன்னால் வரைபடம் ஆடியது. சாலை மேடுபள்ளம் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன், சாலை வழவழவென்றுதான் இருந்தது. வரைபடம் இன்னும் வேகமாக ஆடியது. கண்ணாடித் தாளுக்குள் வெள்ளைக் கோடுகளும் அக்காவின் பென்சில் கோடும் ஒன்றாகக் குலுங்கின. பின்னால் இருப்பவளுக்கு முகம் தெரியாது. அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் பிரியும் இடத்துக்கு வந்தோம். வீட்டுக்கு நேராகப் போக வேண்டும். நான் அவருடைய வலது தோளில் தட்டினேன்.

லூசியான் திரும்பினார்.